அப்டேட் போட்டதும் எடிட்டிங் மென்பொருள் திறக்கவில்லையா? பழைய கணினியை ஒதுக்கும் முன் செய்ய வேண்டியவை

டாவின்சி ரிசால்வின் புதிய பதிப்பை ஏற்றித் திறக்கிறீர்கள். லோகோ வருகிறது, கீழே எழுத்துகள் ஓடுகின்றன, பிறகு ஒரு சின்னப் பெட்டி: ‘அன்சப்போர்ட்டட் ஜிபியு ப்ராசஸிங் மோட்’. அல்லது பிரீமியர் ப்ரோவை இரட்டைச் சொடுக்கு போட்டால் வட்டம் ஒரு விநாடி சுழன்றுவிட்டு அடங்கிவிடுகிறது. நேற்று ராத்திரி வரை கல்யாண வீடியோ வெட்டிக்கொண்டிருந்த அதே கணினிதான். பழுதாகிவிட்டது என்று சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். எதுவும் கெட்டுப்போகவில்லை. புதிய பதிப்பு கேட்கிற ஏதோ ஒன்று உங்கள் கணினியிடம் இல்லை. அது எது என்று பார்க்காமல் ரேம் வாங்குவதும், விண்டோஸை அழித்து மறுபடி போடுவதும் காசுக்கும் நேரத்துக்கும் கேடு.

சிக்கல் பெரும்பாலும் நான்கில் ஒன்றில் இருக்கும்: விண்டோஸ், பிராசஸர், கிராபிக்ஸ் கார்டும் அதன் டிரைவரும், கேமராவிலிருந்து வந்த ஃபைல். நான்கும் வேறு வேறு அறிகுறி காட்டும். வைத்தியமும் வேறு வேறு.

முதலில் பிராஜெக்டைப் பத்திரப்படுத்துங்கள்

புதிய பதிப்பு ஒருமுறை கைவைத்த பிராஜெக்டைப் பழைய பதிப்பு திறக்காது. ரிசால்வில் பதிப்பைப் பொறுத்து முழு பிராஜெக்ட் லைப்ரரியும் மாறிவிடும், அல்லது நீங்கள் திறந்த பிராஜெக்ட் மட்டும் மாறும். எப்படியானாலும் திரும்பி வர வழி இல்லை. அதனால் அப்டேட் பட்டனைத் தொடும் முன்பே பழைய பதிப்பில் இரண்டு வேலை செய்யுங்கள். பிராஜெக்ட் மேனேஜரில் ஒவ்வொரு பிராஜெக்டின் மேலும் வலது சொடுக்கு போட்டு ‘எக்ஸ்போர்ட் பிராஜெக்ட்’ கொடுங்கள். டிஆர்பி என்ற நீட்சியோடு ஒரு சின்ன ஃபைல் கிடைக்கும். பிறகு லைப்ரரியின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள விவரக் குறியைத் தொட்டு ‘பேக்கப்’ எடுங்கள். இரண்டையும் வேறு டிஸ்கில் வையுங்கள். டிஆர்பி ஃபைலுக்குள் வீடியோ எதுவும் இருக்காது, வெட்டிய கணக்கும் கலர் கணக்கும் மட்டும்தான். ஒரிஜினல் ஃபைல்களை நகர்த்தினால் மறுபடி ‘ரீலிங்க்’ செய்ய வேண்டியிருக்கும்.

அப்டேட் ஏற்கெனவே போட்டாகிவிட்டதா? பிரிஃபரன்ஸஸில் யூசர் பகுதியில் ‘பிராஜெக்ட் சேவ் அண்ட் லோட்’ பக்கம் பாருங்கள். பிராஜெக்ட் பேக்கப் இயக்கத்தில் இருந்திருந்தால், அது சேரும் ஃபோல்டர் அங்கே எழுதியிருக்கும். அப்டேட்டுக்கு முந்தைய தேதியிட்ட பேக்கப்பைப் பழைய பதிப்பில் இம்போர்ட் செய்து பார்க்கலாம்.

பிரீமியரில் இன்னும் எளிது: பிராஜெக்ட் ஃபைலை நகல் எடுத்து, பெயரோடு பதிப்பு எண்ணைச் சேர்த்து வையுங்கள். கவனிக்க வேண்டியது வேறு ஒன்று. கிரியேட்டிவ் கிளவுட் அப்டேட் போடும்போது ‘முந்தைய பதிப்பை நீக்கு’ என்ற டிக் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ உள்ளே ஒளிந்திருக்கும். அதை எடுத்துவிட்டால் பழையதும் புதியதும் ஒரே கணினியில் அருகருகே இருக்கும். எடுக்காவிட்டால் பழையது போய்விடும். அடோபி, நடப்பில் உள்ள பெரிய பதிப்பையும் அதற்கு முந்தையதையும் மட்டுமே பதிவிறக்கத் தருகிறது. இரண்டு வருடம் பின்னால் போன பதிப்பு அழிந்துவிட்டால் நேர்வழியில் கிடைக்காது. இந்த விஷயத்தில் ரிசால்வைத் தயாரிக்கும் பிளாக்மேஜிக் தாராளம்: ரிசால்வின் பழைய பதிப்புகள் அவர்களுடைய சப்போர்ட் பக்கத்திலேயே வரிசையாக இருக்கின்றன.

விண்டோஸா, பிராசஸரா?

விண்டோஸ் விஷயத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். விண்டோஸ் பட்டனையும் ஆர் பட்டனையும் சேர்த்து அழுத்தி ‘வின்வெர்’ என்று ஆங்கிலத்தில் அடித்தால் உங்கள் பதிப்பு தெரியும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. மென்பொருள்கள் அன்றே ஓடுவதை நிறுத்திவிடவில்லை. ஆனால் புதிய பதிப்புகளின் இன்ஸ்டாலர் அதை மறுக்கும் காலம் நெருங்குகிறது. விண்டோஸ் 11 முறைப்படி கேட்பது இன்டெல் 8-ஆம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும். குறுக்கு வழியில் ஏற்றுபவர்கள் உண்டு. 24எச்2 பதிப்பிலிருந்து எஸ்எஸ்இ 4.2 கட்டளைகள் இல்லாத கோர் 2 டுவோ, கோர் 2 குவாட் கணினிகளில் குறுக்கு வழியும் அடைபட்டுவிட்டது.

பிராசஸர் சிக்கல் கொஞ்சம் தந்திரமானது. பெரும்பாலும் பிழைச் செய்தியே வராது. மென்பொருள் திறக்கப் பார்த்துச் சும்மா மூடிக்கொள்ளும். ஈவென்ட் வியூவரைத் திறந்து ‘விண்டோஸ் லாக்ஸ்’, அதற்குள் ‘அப்ளிகேஷன்’ போய், அந்த நேரத்துச் சிவப்புக் குறியைத் தொடுங்கள். ‘எக்செப்ஷன் கோட்’ என்ற வரியில் 0எக்ஸ்சி000001டி என்று இருந்தால் விஷயம் தெளிவு: பிராசஸருக்குப் புரியாத கட்டளையை மென்பொருள் கொடுத்திருக்கிறது. அந்தக் கட்டளை பெரும்பாலும் ஏவிஎக்ஸ்2 வகையாகத்தான் இருக்கும்.

சிபியு-இசட் என்ற இலவசக் கருவியில் முதல் பக்கத்திலேயே ‘இன்ஸ்ட்ரக்ஷன்ஸ்’ என்று ஒரு வரி உண்டு. அதில் ஏவிஎக்ஸ்2 இருக்கிறதா பாருங்கள். இன்டெல்லில் 2013-இல் வந்த 4-ஆம் தலைமுறை கோர் வரிசையிலிருந்து இது உண்டு. 2-ஆம், 3-ஆம் தலைமுறையில் வெறும் ஏவிஎக்ஸ் மட்டும்தான். ஏஎம்டியில் ரைசன் எல்லாவற்றிலும் உண்டு; எஃப்எக்ஸ் 8350 போன்றவற்றில் இல்லை.

இங்கே பலர் ஏமாறுவது பென்டியம், செலரான் பெயர்களில். பென்டியம் ஜி5400, 8-ஆம் தலைமுறை போர்டில் உட்காரும், தோற்றத்துக்குப் புதுசு. ஆனால் அதில் ஏவிஎக்ஸே கிடையாது. அதற்கு ஐந்து வருடம் மூத்த கோர் ஐ3 4130-இல் ஏவிஎக்ஸ்2 இருக்கிறது. ‘எத்தனையாவது தலைமுறை’ என்று மட்டும் கேட்டு வாங்கினால் இப்படித்தான் ஆகும்.

வைத்தியம் சாக்கெட்டைப் பொறுத்தது. எச்81, பி85 போர்டில் பென்டியம் ஜி3220 இருந்தால் அதைக் கழற்றிவிட்டு செகண்ட் ஹேண்ட் ஐ5 4570 அல்லது ஐ7 4790 போடலாம்; போர்டின் பயாஸை முதலில் புதுப்பித்துக்கொள்ளுங்கள். எச்61 போர்டு என்றால் (1155 சாக்கெட், 2-ஆம், 3-ஆம் தலைமுறை) அதில் உட்காரும் எந்தப் பிராசஸரிலும் ஏவிஎக்ஸ்2 இல்லை. அந்தக் கணினிக்கு ஒரே வழி பழைய பதிப்பிலேயே நிற்பது. பிரீமியரின் அண்மைப் பதிப்புகள் தேவைப் பட்டியலில் இன்டெல் 6-ஆம் தலைமுறை என்றே எழுதியிருக்கின்றன. 4-ஆம் தலைமுறையில் ஓடினாலும் அது அவர்கள் பொறுப்பேற்காத ஓட்டம்.

கிராபிக்ஸ் கார்டு: இங்கேதான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள்

ரிசால்வ் கார்டை நம்பி வாழும் மென்பொருள். என்விடியா கார்டில் கணக்கு வேலை நடப்பது குடா என்ற அடுக்கின் வழியாக. உச்சரித்தால் ‘கூடா’ என்றுதான் வரும், பழைய கார்டுகளைப் பொறுத்தவரை பொருத்தமான பெயர். மென்பொருளின் புதிய பதிப்பு புதிய குடாவோடு வருகிறது. புதிய குடா புதிய டிரைவரைக் கேட்கிறது. பழைய கார்டுக்கோ என்விடியா புதிய டிரைவர் தருவதை நிறுத்தியிருக்கும். கார்டு உழைக்கத் தயார்தான், டிரைவரில் அறுந்துபோகிறது.

எங்கே அறுகிறது என்று பார்ப்போம். ஜிடிஎக்ஸ் 400, 500 வரிசை, அதாவது ஃபெர்மி என்ற சிப் குடும்பம், 2018-இல் 391 டிரைவரோடு நின்றது. ஜிடிஎக்ஸ் 600 வரிசை, 700 வரிசையின் பெரும்பகுதி, ஜிடி 710 எல்லாம் கெப்ளர். அவற்றுக்கு 470 வரிசைதான் கடைசி. என்விடியா தளத்தில் 472, 474, 475 என்று எண்கள் கண்ணில் பட்டால் குழம்ப வேண்டாம், எல்லாம் அந்த வரிசையின் பிள்ளைகள்தான். ஜிடிஎக்ஸ் 750 டிஐ, 900 வரிசை, 1050 டிஐ, 1060 போன்ற மேக்ஸ்வெல், பாஸ்கல் கார்டுகளுக்கு 580 வரிசை கடைசி. 2025 அக்டோபரோடு அவற்றுக்கு வழக்கமான வெளியீடு முடிந்து, 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் என்று அறிவித்திருக்கிறார்கள். 2025-இல் வந்த குடா 13 இந்த இரண்டு குடும்பங்களையும் கைவிட்டுவிட்டது. ஜிடிஎக்ஸ் 1650-உம் ஆர்டிஎக்ஸ் வரிசைகளும் இன்னும் உள்ளே இருக்கின்றன.

ரிசால்வ் 17 கேட்ட டிரைவர் 451.82 அல்லது அதற்கு மேல். கெப்ளரின் 470 அதைத் தாண்டுகிறது. ரிசால்வ் 20 கேட்பது 570 வரிசை. கெப்ளரால் எட்ட முடியாது. 1050 டிஐ எட்டிவிடும், இப்போதைக்கு. ஏற்றும் முன்பே அந்தப் பதிப்போடு வரும் ரீட்மீ ஃபைலில் ‘மினிமம் சிஸ்டம் ரிக்வயர்மென்ட்ஸ்’ பகுதியைப் படித்தால் இந்த டிரைவர் எண் இருக்கும். யாரும் படிப்பதில்லை.

உங்கள் டிரைவர் எண்ணைக் கண்டுபிடிப்பதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. டிவைஸ் மேனேஜரில் 30.0.14.7212 என்று நீளமாக எழுதியிருக்கும். புள்ளிகளை எடுத்துவிட்டுக் கடைசி ஐந்து இலக்கத்தை மட்டும் பாருங்கள்: 47212. மூன்று இலக்கத்துக்குப் பின் புள்ளி வைத்தால் 472.12. அதுதான் என்விடியா சொல்லும் எண்.

ஜிடி 730 வைத்திருப்பவர்கள் தனியாக ஒன்றைப் பார்க்க வேண்டும். அந்தப் பெயரில் இரண்டு வேறு சிப்கள் விற்கப்பட்டன. ஜிபியு-இசட் கருவியில் ‘ஜிபியு’ என்ற கட்டத்தில் ஜிகே208 என்றிருந்தால் கெப்ளர், 384 கோர்; 470 டிரைவர் ஏறும். ஜிஎஃப்108 என்றிருந்தால் ஃபெர்மி, 96 கோர். 391-க்கு மேல் எதுவும் ஏறாது, ரிசால்வ் 17-உம் கிடையாது. பெட்டி ஒன்றே, பெயர் ஒன்றே. அதேபோல் ஜிடிஎக்ஸ் 650, 660, 760 கெப்ளராக இருந்தாலும் குடா 11 ஏற்காத முதல் தலைமுறைச் சிப்கள். அவற்றில் ரிசால்வின் பிரிஃபரன்ஸஸ், ‘மெமரி அண்ட் ஜிபியு’ பக்கத்தில் ‘ஆட்டோ’ டிக்கை எடுத்துவிட்டு குடாவுக்குப் பதிலாக ஓப்பன்சிஎல் தேர்ந்தெடுத்து முயன்று பார்க்கலாம். திறந்தால் அதிர்ஷ்டம்.

ஏஎம்டி கார்டுக்காரர்களுக்குச் சுருக்கமாக: ஆர்எக்ஸ் 470 முதல் 580 வரையும், வேகா வரிசையும் 2023-லிருந்து தனி டிரைவர் பாதைக்கு ஒதுக்கப்பட்டுவிட்டன. திருத்தங்கள் வருகின்றன, புதிய வசதிகள் வருவதில்லை.

டிரைவரைச் சுத்தமாக மாற்றும் முறை

மேலே மேலே டிரைவர் ஏற்றினால் பழைய குடா துண்டுகள் ஒட்டிக்கொண்டு அதே பிழை திரும்ப வரும். வரிசையாகச் செய்யுங்கள்.

1. உங்கள் கார்டுக்கான கடைசி டிரைவரையும், டிடியு எனப்படும் டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலரையும் முதலிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். டிரைவரைத் தளத்தில் கார்டின் பெயர் கொடுத்துத் தேடி எடுங்கள்.

2. நெட் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். இதை விட்டால், பழையதை நீக்கிய அரை நிமிடத்தில் விண்டோஸ் தானாக ஒரு டிரைவரை இறக்கிப் போட்டுவிடும். பாதிப் பேருக்கு வேலை கெடுவது இங்கேதான்.

3. ஷிஃப்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்து, ட்ரபுள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியாக 4-ஐ அழுத்தி சேஃப் மோடுக்குள் போங்கள். டிடியுவைத் திறந்து ‘கிளீன் அண்ட் ரீஸ்டார்ட்’.

4. டிரைவரை ஏற்றும்போது ‘கஸ்டம்’ தேர்ந்தெடுத்து ‘கிளீன் இன்ஸ்டாலேஷன்’ டிக் போடுங்கள். ஜிஃபோர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ் வேண்டாம்.

5. கன்ட்ரோல் பேனலில் சிஸ்டம், ‘அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்’, ‘ஹார்டுவேர்’, ‘டிவைஸ் இன்ஸ்டாலேஷன் செட்டிங்ஸ்’ போய் ‘நோ’ கொடுங்கள். பிறகு நெட்டை இணைக்கலாம்.

அதன் பிறகு ரிசால்வின் புதிய பதிப்பை நீக்கிவிட்டுப் பழையதை ஏற்றுங்கள். விண்டோஸில் இரண்டு பதிப்பு சேர்ந்து இருக்காது. பழைய பதிப்பில் புதிதாக ஒரு லைப்ரரி உருவாக்கி, எடுத்து வைத்த டிஆர்பி ஃபைலை அதில் இம்போர்ட் செய்யுங்கள். 2 ஜிபி கெப்ளரில் 17-ஆம் பதிப்பு 1080 டைம்லைனில் வெட்டி ஒட்டி அடிப்படைக் கலர் செய்யும் வேலைக்குப் போதும். ரிசால்வின் எஃபெக்ட் பகுதியான ஃபியூஷனில் செய்யும் டைட்டில்களை அதன் தலையில் கட்டாதீர்கள்.

பிரீமியரில் கார்டு ஒத்துவராவிட்டால் மென்பொருள் அநேகமாகத் திறந்துவிடும். ஆனால் பிளேபேக் திக்கும், எக்ஸ்போர்ட் பாதியில் நிற்கும். ஃபைல் மெனுவில் ‘பிராஜெக்ட் செட்டிங்ஸ்’, ‘ஜெனரல்’ போய் ரெண்டரரை ‘சாஃப்ட்வேர் ஒன்லி’ என்று மாற்றி அதே இடத்தை ஓட்டுங்கள். மெதுவாக ஆனாலும் தவறின்றி ஓடினால் குற்றவாளி கார்டு அல்லது டிரைவர். அப்போதும் திக்கினால் கீழே ‘கணினி பழசில்லை, ஃபைல் புதுசு’ என்ற பகுதிதான் உங்களுக்கு.

‘ஜிபியு மெமரி ஃபுல்’ ஏன் வருகிறது

இது ஆதரவுப் பிரச்சினை இல்லை, வெறும் இடப் பற்றாக்குறை. ஆனால் அப்டேட்டுக்குப் பின் வருவதால் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள். ரிசால்வ் உள்ளே 32 பிட் துல்லியத்தில் கணக்குப் போடுகிறது. 3840-க்கு 2160 அளவுள்ள ஒரே ஒரு ஃபிரேம், நான்கு சேனலும் சேர்த்தால், சுமார் 133 எம்பி. 1080 ஃபிரேம் என்றால் 33 எம்பி. ஒரு நோடுக்கு உள்ளே போவது, வெளியே வருவது, முன்கூட்டி எடுத்து வைப்பது என்று ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து ஃபிரேம் கார்டில் நிற்கும். 2 ஜிபி கார்டில் 4கே டைம்லைன் ஏன் மூச்சு முட்டுகிறது என்று இந்தக் கணக்கே சொல்லிவிடும். டைம்லைன் ரிசல்யூஷனை 1920-க்கு 1080 ஆக்குங்கள். கணினியோடு இரண்டாவது மானிட்டர் இருந்தால் கழற்றிவிடுங்கள். பிரவுசரை மூடுங்கள், அதுவும் கார்டின் மெமரியைத் தின்கிறது.

கணினி பழசில்லை, ஃபைல் புதுசு

கேமராமேன் புது கேமரா வாங்கினார், அதே வாரம் எடிட்டிங் கணினி ‘ஸ்லோ’ ஆகிவிட்டது. ஸ்டூடியோக்களில் மென்பொருளைத் திட்டும் வேளைகளில் பாதி இதுதான். இதைச் சோதிக்க எளிய வழி: ஒரு பழைய வேலையின் ஃபைல்களை டைம்லைனில் போட்டு ஓட்டுங்கள். அது வழுக்கிக்கொண்டு ஓடி, புது ஃபைல் மட்டும் திக்கினால் கோடெக், அதாவது வீடியோவைச் சுருக்கி வைத்த முறை, அதுதான் பிரச்சினை. மீடியாஇன்ஃபோ என்ற கருவியில் அந்தப் புது ஃபைலைப் போட்டு மூன்று வரிகளைப் பாருங்கள்: எச்.264-ஆ எச்.265-ஆ, பிட் டெப்த் 8-ஆ 10-ஆ, க்ரோமா சப்சாம்ப்ளிங் 4:2:0-ஆ 4:2:2-ஆ.

எச்.265 சுருக்கத்தைப் பிரிக்கும் தனி வன்பொருள் இன்டெல்லில் 6-ஆம் தலைமுறையில் 8 பிட்டுக்கும், 7-ஆம் தலைமுறையில் 10 பிட்டுக்கும் வந்தது. 4:2:2 10 பிட் எச்.265 டெஸ்க்டாப்பில் 11-ஆம் தலைமுறையில்தான். என்விடியாவில் எச்.265 ஜிடிஎக்ஸ் 950, 960-இல் முழுமையாக வந்தது; 4:2:2 ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில்தான் வந்தது. அதாவது 4:2:2 10 பிட்டில் படம் பிடித்துவிட்டு ஆர்டிஎக்ஸ் 3060 வாங்கினாலும், பிரிக்கும் பாரம் முழுக்கப் பிராசஸரின் தலையில்தான். ரிசால்வின் இலவசப் பதிப்பில், விண்டோஸில், இப்படிப்பட்ட ஃபைல்கள் சத்தம் மட்டும் வந்து படம் வராமல் நிற்பதும் உண்டு. அது உங்கள் கார்டின் குறை இல்லை, இலவசப் பதிப்பின் எல்லை.

கேமரா உங்கள் கையில் என்றால் செட்டிங்கிலேயே தீர்த்துவிடலாம்: எச்.264, 8 பிட், 4:2:0. கலரில் பெரிய வித்தை காட்டப்போவதில்லை என்றால் மண்டப வெளிச்சத்தில் எடுத்த வரவேற்பு வீடியோவுக்கு 10 பிட் கட்டாயமில்லை.

ஏற்கெனவே எடுத்துவிட்ட ஃபைலுக்கு பிராக்ஸி, அதாவது வெட்டும் வேலைக்கு மட்டும் செய்துகொள்ளும் இலகுவான நகல். எச்.264, எச்.265 இரண்டிலும் ஒவ்வொரு ஃபிரேமும் பக்கத்து ஃபிரேமைச் சார்ந்து கட்டப்பட்டிருக்கிறது. தொடுத்த மாலையில் நடுவில் ஒரு பூவை எடுக்க ஓரத்திலிருந்து அவிழ்த்துக்கொண்டு வருவது போல, பிளேஹெட்டை எங்கே வைத்தாலும் முன்னாலிருந்து பிரித்துக்கொண்டே வர வேண்டும். டிஎன்எக்ஸ்எச்ஆர், ப்ரோரெஸ் ஆகிய கோடெக்குகளில் ஒவ்வொரு ஃபிரேமும் உதிரிப்பூ. ஃபைல் பெரிதாகும், பிராசஸருக்கு வேலை குறையும்.

எவ்வளவு இடம்? டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி தரத்தில் 1080, 25 ஃபிரேம் என்றால் விநாடிக்கு சுமார் 36 மெகாபிட். ஒரு மணி நேரத்துக்கு 16 ஜிபி. மூன்று கேமரா, ஆளுக்கு ஆறு மணி நேரம் என்று ஒரு கல்யாணத்துக்கு 18 மணி நேரம் வந்தால் 290 ஜிபி. அதையே 960-க்கு 540 ஆகச் செய்தால் ஏறக்குறைய கால்வாசி, 75 ஜிபிக்குள் அடங்கும். வெட்டுவதற்கு அது போதும். ஃபோகஸ் பார்க்கும்போது மட்டும் ஒரிஜினலுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

ரிசால்வில் பிராஜெக்ட் செட்டிங்ஸ், ‘மாஸ்டர் செட்டிங்ஸ்’ பக்கத்தில் பிராக்ஸி ரிசல்யூஷனை ‘குவார்ட்டர்’ என்றும் ஃபார்மட்டை டிஎன்எக்ஸ்எச்ஆர் எல்பி என்றும் வைத்துவிட்டு, மீடியா பூலில் எல்லா கிளிப்பையும் தேர்ந்தெடுத்து வலது சொடுக்கில் ‘ஜெனரேட் பிராக்ஸி மீடியா’ கொடுங்கள். குவார்ட்டர் 4கே ஃபைலுக்கு. 1080 ஃபைல் என்றால் ‘ஹாஃப்’. ரிசால்வாலேயே திறக்க முடியாத ஃபைல் என்றால் ஷட்டர் என்கோடர் என்ற இலவச மென்பொருளில் மாற்றி எடுங்கள். பிரீமியரில் வெளியே செய்த பிராக்ஸியை ‘அட்டாச் பிராக்ஸிஸ்’ வழியாக இணைக்கும்போது ஃபிரேம் ரேட்டும் ஆடியோ சேனல் எண்ணிக்கையும் ஒரிஜினலோடு ஒத்திருக்க வேண்டும். நான்கு சேனல் ஒலி உள்ள கிளிப்புக்கு இரண்டு சேனல் பிராக்ஸி செய்தால் இணைக்காமல் முறைக்கும்.

மொபைலில் எடுத்த கிளிப்புகளில் இன்னொரு வில்லங்கம்: மீடியாஇன்ஃபோவில் ஃபிரேம் ரேட் மோட் ‘வேரியபிள்’ என்று இருக்கும். நீளமான கிளிப்பில் போகப் போக உதடும் ஒலியும் விலகும். ஹேண்ட்பிரேக்கில் ‘கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட்’ தேர்ந்தெடுத்து மாற்றி, மாற்றியதையே ஒரிஜினலாக வைத்து வெட்டத் தொடங்குங்கள். நடுவில் மாற்றினால் வெட்டெல்லாம் நகர்ந்துவிடும்.

பிராக்ஸி வேலையை ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம். யூபிஎஸ் பேட்டரி எத்தனை நிமிடம் தாங்கும் என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். பாதியில் கரண்ட் போனால் அப்போது எழுதிக்கொண்டிருந்த ஃபைல் திறக்காது, அதை அழித்துவிட்டு மறுபடி செய்ய வேண்டும்.

புதிய பதிப்பில் போய்விட்ட பிராஜெக்டைக் கீழே இறக்க

நண்பர் புதிய பிரீமியரில் செய்து அனுப்பியிருக்கிறார், உங்களுடையது பழசு. பிரீமியரின் பிராஜெக்ட் ஃபைல் உண்மையில் சுருக்கி வைத்த ஒரு எக்ஸ்எம்எல். நகல் ஒன்றை எடுத்து 7-ஜிப்பில் விரியுங்கள். கிடைப்பதை நோட்பேட்++-இல் திறந்தால் மேலேயே ‘பிராஜெக்ட்’ என்று தொடங்கும் இரண்டு வரிகள் இருக்கும். முதலாவது குட்டி வரி, அதைத் தொடாதீர்கள். இரண்டாவதில் கிளாஸ் ஐடி என்ற நீண்ட எண்ணும், அதன் பின் வெர்ஷன் என்று இரண்டு இலக்கமும் இருக்கும். அந்த இலக்கத்தை 1 ஆக்கிச் சேமித்து, பழைய நீட்சியையே கொடுத்துத் திறந்து பாருங்கள். வெட்டுகள் அநேகமாக வந்துவிடும். புதிய பதிப்பில் மட்டுமே உள்ள எஃபெக்ட், டைட்டில், கேப்ஷன் வராது. இது முறையான வழி இல்லை, வேறு வழி இல்லாதபோது செய்வது. முறையான வழி, நண்பரிடமே ‘ஃபைனல் கட் ப்ரோ எக்ஸ்எம்எல்’ எக்ஸ்போர்ட் செய்து தரச் சொல்வது.

ரிசால்வில் இந்த வித்தை பலிக்காது. புதிய பதிப்பில் டைம்லைனை எக்ஸ்எம்எல் அல்லது ஏஏஎஃப் ஆக எக்ஸ்போர்ட் செய்து பழையதில் இம்போர்ட் செய்யலாம். வெட்டு வரும், கலர் வராது.

காசு போடுவதென்றால்

இருக்கும் கணினியில் கார்டு மட்டும் மாற்றுவதானால் முதலில் கரண்ட் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸைப் பாருங்கள். ஆறு பின் கேபிள் இல்லாத பழைய எஸ்எம்பிஎஸ் என்றால் ஸ்லாட் தரும் 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டுதான் வேண்டும். ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி மாடல் 70 வாட். தனி கேபிள் தேவையில்லை. ஜிடிஎக்ஸ் 1650-உம் 75 வாட்தான், ஆனால் சில தயாரிப்புகளில் ஆறு பின் சாக்கெட் வைத்திருப்பார்கள், படத்தைப் பார்த்து வாங்குங்கள். அலுவலகங்களிலிருந்து வரும் ஒல்லி கேபினட் கணினி என்றால் ‘லோ ப்ரொஃபைல்’ கார்டு மட்டுமே உள்ளே போகும்.

மலிவாகக் கிடைக்கிறது என்று ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி பக்கம் போகாதீர்கள். அவற்றில் வீடியோ என்கோடரே இல்லை. போர்டோடு பேச நான்கு பிசிஐஇ லேன் (பாதை) மட்டும் என்பதால் பழைய போர்டில் இன்னும் மந்தமாகும். எச்81 போர்டின் ஸ்லாட் பிசிஐஇ 2.0தான். ஜிடி 1030-லும் என்கோடர் கிடையாது. இன்டெல் ஆர்க் கார்டுகள் 4:2:2 ஃபைல்களைப் பிரிப்பதில் கெட்டிக்காரத்தனமானவை. ஆனால் ரீசைசபிள் பார் வசதி இல்லாத போர்டில் திணறும், அந்த வசதி பழைய போர்டுகளில் இருக்காது. எச்61 காலத்துப் போர்டில் புதிய கார்டு போட்டால் திரையே வராமல் போவதும் உண்டு. பயாஸ் யூஇஎஃப்ஐக்கு மாறாதது காரணம். கடையிலேயே உங்கள் கேபினட்டில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

செகண்ட் ஹேண்டில் 1050 டிஐ என்ற பெயரில் பழைய ஃபெர்மி கார்டுக்குப் போலி பயாஸ் ஏற்றி விற்பது பல வருடமாக நடக்கிறது. ஜிபியு-இசட் அதைக் கண்டுபிடித்துப் பெயருக்கு முன்னால் ‘ஃபேக்’ என்று எழுதிக் காட்டும். பென்டிரைவில் அந்தக் கருவியை எடுத்துக்கொண்டு போங்கள்.

போர்டு, பிராசஸர், கார்டு மூன்றுமே பின்தங்கியிருந்தால் கார்டில் காசைக் கொட்டுவது வீண். ஐ5 8500 போட்ட பழைய அலுவலகக் கணினி ஒன்று ஏவிஎக்ஸ்2, 10 பிட் எச்.265 பிரிப்பு, விண்டோஸ் 11 மூன்றையும் சேர்த்தே தருகிறது. அதில் ரேமை 16 ஜிபி ஆக்கி, கேஷுக்குத் தனி எஸ்எஸ்டி போட்டால் பிராக்ஸியோடு 4கே வேலை நடக்கும்.

மேக் வைத்திருப்பவர்களுக்கும் கதை ஏறக்குறைய இதேதான். 2018-இல் வந்த மோஹாவியோடு புதிய என்விடியா கார்டுகளுக்கு டிரைவர் நின்றது, 2019-இல் வந்த கேட்டலினாவோடு 32 பிட் மென்பொருள்கள் நின்றன. ஃபைனல் கட்டை விலைக்கு வாங்கியவர்களுக்கு, ஆப் ஸ்டோரின் ‘பர்ச்சேஸ்டு’ பட்டியலிலிருந்து பழைய மேக்ஓஎஸ்ஸுக்குப் பொருந்தும் கடைசிப் பதிப்பை இறக்கும் வாய்ப்பு வரும். ஃபைனல் கட் லைப்ரரியும் ஒருவழிப் பாதைதான், புதியதில் திறக்கும் முன் நகல் எடுங்கள்.

ஓடும் நிலையில் உறைய வைப்பது

சரியான டிரைவர், சரியான பதிப்பு, இரண்டும் சேர்ந்து ஓடத் தொடங்கிய அன்றே மூன்று வேலை. கிரியேட்டிவ் கிளவுட் பிரிஃபரன்ஸஸில் ஆப்ஸ் பகுதியில் ஆட்டோ அப்டேட்டை அணையுங்கள். ரிசால்வ் இன்ஸ்டாலர், டிரைவர், டிடியு மூன்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டு, எண்களை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி வெளி டிஸ்கில் வையுங்கள். ஆதரவு முடிந்த விண்டோஸ் என்றால் அந்தக் கணினியை நெட்டிலிருந்து பிரித்துவிட்டு, மெயிலும் யூடியூப் அப்லோடும் வேறு கணினியில் செய்யுங்கள். மென்பொருளின் லைசென்ஸ் சரிபார்ப்புக்கு நெட் தேவைப்படும்போது மட்டும் இணைத்தால் போதும்.

கடைசியாக, டிஸ்கை முழுதாக நகலெடுக்கும் குளோன்சில்லா என்ற கருவியைப் பென்டிரைவில் ஏற்றி, சி டிரைவ் இருக்கும் எஸ்எஸ்டியை முழு இமேஜாக எடுங்கள். வீடியோக்கள் வேறு டிஸ்கில் இருந்தால் விண்டோஸ், மென்பொருள், டிரைவர் எல்லாம் சேர்ந்தும் பெரிய இமேஜாகாது. எடுத்த இமேஜை அதே அளவோ பெரியதோ ஆன வேறு எஸ்எஸ்டியில் ஒருமுறை இறக்கி, அதை மாட்டி, ரிசால்வ் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு அலமாரியில் வையுங்கள். இறக்கிப் பார்க்காத இமேஜைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.